தமிழ்வழியில் படித்தவர் ஆங்கில இலக்கியம் எடுக்கலாமா?

அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்திருப்பதாகவும், கதை, கவிதை வாசிப்பதில் ஈடுபாடு உண்டு என்பதால் பி.ஏ. ஆங்கில இலக்கியத்துக்கு விண்ணப்பிக்க நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வகுப்பில் தாக்குப்பிடிக்க முடியுமா, மூன்றாண்டு முடிவில் ஆங்கிலம் சரளமாகப் பேச வருமா, வேலை கிடைக்குமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள். தென்மாவட்டங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பாடத்தைக் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். முதல் கேள்விக்கு என் விடை, முடியும் என்பதே. தமிழை நன்றாகப் படித்தவருக்கு இதில் ஒரு கூடுதல் பலம்கூட உண்டு, அதைப் பின்னால் விரித்துச் சொல்கிறேன். இரண்டாவதற்கு, இந்தப் படிப்பினால் மட்டும் வராது. மூன்றாவதற்கு, கிடைக்கும் வேலைகள் எவை, அவற்றுக்கு மேற்கொண்டு என்ன படிக்க வேண்டும் என்பதை இப்போதே தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

ஆங்கிலம் கற்றுக்கொள்வதற்காக ஆங்கில இலக்கியம் எடுப்பவர்களே ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்பில் பெரும்பான்மையாக இருந்தார்கள். மொழியைக் கற்பிப்பதற்கென்று பகுதி இரண்டு என்ற பெயரில் ஓர் ஆங்கிலப் பாடம் எல்லாத் துறை மாணவர்களுக்கும் பொதுவாக இருக்கிறது. பகுதி மூன்றான இலக்கியப் பாடமோ, மொழி ஓரளவு கைவந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, அந்த மொழியில் எழுதப்பட்டவற்றை எப்படி வாசிப்பது என்பதிலிருந்து தொடங்குகிறது. தமிழ் பேசத் தெரிந்த எல்லாரும் பத்துப்பாட்டை எடுத்தவுடன் வாசித்துவிட முடியாது; அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அதுபோலவே, கான்வென்ட்டில் படித்துச் சரளமாகப் பேசும் மாணவரும் பதினேழாம் நூற்றாண்டுக் கவிஞர் மில்டனின் முதல் பத்து வரிகளுக்கு முன்னால் உங்களைப் போலத்தான் விழித்துக்கொண்டு நிற்பார். முதல் பருவத்தில் அவரைப் பார்த்து நீங்கள் மருள வேண்டியதில்லை.

முதல் பருவம் கடினமாக இருப்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. ஆங்கில இலக்கியம் இங்கிலாந்தின் பழைய பல்கலைக்கழகங்களில் தனிப் பட்டப்படிப்பாக ஆவதற்கு முன்பே இந்தியாவில் பாடமாகிவிட்டது. ஆக்ஸ்போர்டில் இலத்தீனும் கிரேக்கமும்தான் படிப்பு என்று கருதப்பட்டதால், ஆங்கிலத்துக்கென்று தனிப் பட்டப்பிரிவு அங்கே 1894இல்தான் வந்தது. கேம்பிரிட்ஜில் அதற்கும் பிறகு, 1917இல். இங்கேயோ 1835இல், இந்தியர்களுக்கு ஆங்கிலக் கல்வியே வேண்டும் என்று வாதிட்டு, ஆங்கில அரசின் அதிகாரி மெக்காலே தம் குறிப்பை எழுதினார். 1857இல் சென்னை, கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்கள் தொடங்கின. ஆங்கிலக் கவிதையும் நாடகமும் அதற்கு முன்பே நம் கல்லூரி வகுப்பறைகளுக்குள் வந்துவிட்டிருந்தன. மதத்தை நேரடியாகப் போதிக்கத் தயங்கிய ஆட்சி, தன் ஒழுக்கத்தையும் உயர்வையும் இலக்கியத்தின் வழியாகக் கற்பிக்க முற்பட்டது என்பதைக் கௌரி விஸ்வநாதன் 1989இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அந்தக் காலத்துப் பாடத்திட்டத்தின் எலும்புக்கூடு பல இடங்களில் இன்னும் அப்படியே இருக்கிறது. இங்கிலாந்தின் காலவரிசைப்படி பாடங்கள் அடுக்கப்படுவதால், பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரும் பதினாறாம் நூற்றாண்டுக் கவிஞர் ஸ்பென்சரும் முதலாண்டிலேயே வந்து நிற்பார்கள். இன்றைய ஆங்கிலத்தில் எழுதும் நைஜீரிய, இந்திய எழுத்தாளர்கள் மூன்றாம் ஆண்டில்தான் வருவார்கள். தமிழ் கற்க வந்த வெளிநாட்டவருக்கு முதல் நாளே பதிற்றுப்பத்தைக் கொடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால், முதல் பருவத்தில் புரியாமல் போவது உங்கள் குறை அன்று, பாடம் அடுக்கப்பட்ட விதத்தின் குறை என்ற தெளிவோடு இருக்கலாம். அந்த ஆறு மாதங்களில், பாடத்தில் இல்லாத இருபதாம் நூற்றாண்டுச் சிறுகதைகளைத் தனியாக வாசித்துக்கொண்டே வந்தால் மொழி பிடிபட்டுவிடும்.

மற்றபடி அமைப்பு எளியது. மூன்றாண்டுகள், ஆறு பருவங்கள். பகுதி ஒன்றில் தமிழ், பகுதி இரண்டில் பொது ஆங்கிலம், பகுதி மூன்றில் முதன்மைப் பாடங்கள். இவற்றோடு இங்கிலாந்தின் சமூக வரலாறு, ஆங்கில இலக்கிய வரலாறு போன்ற துணைப்பாடங்கள். இணைப்புக் கல்லூரிகளில் பெரும்பாலும் இன்டர்னலுக்கு 25, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75. தன்னாட்சிக் கல்லூரிகளில் இது மாறும். அரசு கலைக் கல்லூரிகளில் இந்தப் படிப்புக்கான தரவரிசை, பிளஸ் டூவில் நீங்கள் ஆங்கிலப் பாடத்தில் எடுத்த மதிப்பெண்ணை வைத்தே அமைகிறது. அறிவியல் பிரிவில் படித்தது தடையாகாது.

இனி, இந்தப் படிப்பில் சேருகிறவர்களை உள்ளிருந்தே அரித்துவிடும் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கைடு. ஒரு நாடகத்தை வாசிக்காமலேயே அதைப் பற்றி ஐந்து பக்கம் எழுதி அறுபது மதிப்பெண் வாங்கிவிட முடியும் என்பது எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். கதைச்சுருக்கம், கதாபாத்திரங்களின் குணச்சித்திரம், முக்கியக் கருத்துகள் என்று நோட்ஸ் தயாராகக் கிடைக்கும். மனப்பாடம் செய்தால் போதும். நான் முதுகலை வகுப்பொன்றுக்குப் பாடம் நடத்தத் தொடங்கிய முதல் வாரம், பி.ஏ.வில் எல்லாரும் படித்து முடித்திருந்த ஒரு கவிதையின் பெயரைச் சொல்லி, அதில் ஒரு வரியை யாராவது சொல்லுங்கள் என்று கேட்டேன். நாற்பது பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கவிதையின் மையக்கருத்து என்ன என்று கேட்டபோது முப்பது கைகள் உயர்ந்தன. திருக்குறளில் ஒரு குறள்கூடத் தெரியாமல் திருக்குறளின் சிறப்பைப் பற்றி உரையாற்றுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. இதில் மாணவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நோட்ஸை வாசித்துக் காட்டி எழுதச் சொல்லும் ஆசிரியர்களும், ஆண்டுதோறும் அதே வினாக்களைத் திருப்பிக் கேட்கும் வினாத்தாள்களும் சேர்ந்து வளர்த்த பழக்கம் இது.

கைடு எதைத் தராது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் சீசர் கொல்லப்பட்டபின், மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சியில், புரூட்டஸும் ஆண்டனியும் மக்கள்முன் அடுத்தடுத்துப் பேசுகிறார்கள். ஆண்டனி சிறந்த பேச்சாளர், மக்களின் உணர்ச்சியைத் தூண்டினார் என்று கைடு சொல்லும். அது உண்மைதான், ஆனால் பயனற்ற உண்மை. பனுவலைத் திறந்து பார்த்தால், புரூட்டஸ் உரைநடையில் பேசுவதும் ஆண்டனி செய்யுளில் பேசுவதும் அச்சிலேயே கண்ணுக்குத் தெரியும்: முன்னதில் வரிகள் பக்கத்தின் ஓரம்வரை ஓடுகின்றன, பின்னதில் அடியடியாக முறிகின்றன. புரூட்டஸ் காரணங்களை அடுக்குகிறார். ஆண்டனியோ, புரூட்டஸ் மதிப்புக்குரிய மனிதர் என்ற ஒரே தொடரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். முதல்முறை சொல்லும்போது அது மரியாதை, கூட்டம் தலையசைக்கிறது. அடுத்தடுத்த முறைகளில், சொல் மாறாமலே, பொருள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, கடைசியில் அதே தொடர் வசையாகிவிடுகிறது.

இதற்கு நமக்கு ஒரு பெயர் தெரியும். ‘தேவர் அனையர் கயவர் அவரும்தாம் மேவன செய்தொழுக லான்’ என்ற குறளைக் காட்டி வஞ்சப்புகழ்ச்சி அணியை உங்கள் தமிழாசிரியர் பள்ளியிலேயே நடத்தியிருப்பார். கயவர் தேவரைப் போன்றவர் என்று உயர்த்துவதுபோல் உயர்த்தி, தம் விருப்பப்படி நடப்பதால் என்று காரணம் சொல்லிக் கவிழ்க்கிறார் வள்ளுவர். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். குறளில் அந்தத் திருப்பம் ஒன்றே முக்கால் அடிக்குள் நிகழ்ந்துவிடுகிறது. கேட்பவர் ஒருவர், கூர்மையானவர், உடனே புரிந்துகொள்வார் என்ற நம்பிக்கையில் அது எழுதப்பட்டிருக்கிறது. ஆண்டனியின் பேச்சில், கொலையை ஏற்றுக்கொள்ளும் மனநிலையில் நிற்கும் ஒரு பெருங்கூட்டத்தை, அது அறியாமலே, படிப்படியாக எதிர்ப்பக்கத்துக்கு நடத்திச் செல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே ஒரே தொடர் பலமுறை வர வேண்டியிருக்கிறது. இவ்வளவையும் தேர்வுத்தாளில் தம் சொற்களில் எழுதும் மாணவருக்கு, இலக்கணப்பிழை நான்கு இருந்தாலும், நான் கைடு விடையைவிடக் கூடுதல் மதிப்பெண் போட்டிருக்கிறேன். எல்லாரும் அப்படிப் போடுவார்கள் என்று உறுதி சொல்ல முடியாது.

கூடுதல் பலம் என்று முதலில் சொன்னது இதைத்தான். யாப்பிலும் இதைக் காணலாம். ஷேக்ஸ்பியரின் செய்யுளில் அழுத்தமில்லாத ஓர் அசையும் அழுத்தமுள்ள ஓர் அசையும் சேர்ந்தது ஒரு சீர்; அப்படி ஐந்து சீர் கொண்டது ஓர் அடி. நேரசை, நிரையசை பிரித்து அலகிட்டுப் பழகிய மாணவருக்கு இந்தக் கருத்தைப் புரியவைக்க எனக்குப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. தமிழை விட்டுவிட்டு வேறு மொழிப் பாடம் எடுத்தவர்களுக்கு ஒரு வாரம் ஆனது. வேறுபாடு ஒன்றுதான்: நமக்கு அசையைத் தீர்மானிப்பது குறிலும் நெடிலும் ஒற்றும், ஆங்கிலத்தில் அதைத் தீர்மானிப்பது அழுத்தம். தமிழ்ச் சொற்களில் அழுத்தம் இடம் மாறினால் பொருள் மாறுவதில்லை என்பதால் நம் காது அதற்குப் பழகவில்லை. நல்ல அகராதிகளில் உச்சரிப்பைக் காட்டும் இடத்தில், அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் சிறிய செங்குத்துக் கோடு ஒன்று இருக்கும். அதைக் கவனிக்கத் தொடங்கினால் செய்யுளும் கேட்கும், உங்கள் பேச்சும் திருந்தும். அதேபோல, ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலக் கவிதையில் இயைபுத்தொடை வழக்கமாக இல்லை. அடியின் இரு பாதிகளையும் கட்டிவைத்தது சொற்களின் முதல் ஒலிகள் ஒத்து வருவது, அதாவது ஏறக்குறைய நம் மோனை. இதைச் சொன்னவுடன் தமிழ்வழி மாணவர்களின் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும். தத்துவப் பேராசிரியரான சுந்தரம் பிள்ளை, லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதையொன்றைத் தழுவி 1891இல் மனோன்மணீயம் நாடகத்தை வெளியிட்டபோது, ஷேக்ஸ்பியர் நாடகச் செய்யுளைப் போலவே இயைபு கட்டாயமில்லாத ஆசிரியப்பாவைப் பெரிதும் கையாண்டது தற்செயல் அன்று என்றே நினைக்கிறேன்.

திணைக் கோட்பாடும் கைகொடுக்கும். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று படித்திருப்பீர்கள். ஷேக்ஸ்பியரின் புகழ்பெற்ற பதினான்கு அடிப் பாடலொன்று, உன்னைக் கோடைநாளோடு ஒப்பிடட்டுமா என்று தொடங்கும். மதுரையில் சித்திரை வெயிலில் நின்றுகொண்டு ஒருவர் தம் காதலியிடம் இப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன். நீண்ட, இருண்ட குளிர்காலத்தைக் கடந்துவரும் ஒரு தீவில் கோடை என்பது வெளிச்சமும் பூவும் கிடைக்கும் சில வாரங்கள். அது சீக்கிரம் முடிந்துவிடுகிறதே என்ற ஏக்கத்தின் மேல்தான் அந்தப் பாடலே நிற்கிறது. பாலைக்கும் முல்லைக்கும் வேறுபாடு அறிந்தவர் இதைக் கேட்டவுடன் பிடித்துக்கொள்வார். ஆங்கில இலக்கியம் கற்பித்தவர்கள் பழந்தமிழுக்குத் திரும்பியதும் உண்டு. கன்னடச் சூழலில் வளர்ந்து, மைசூரில் ஆங்கில இலக்கியம் படித்து, கொல்லம், பெல்காம், பரோடா ஆகிய ஊர்களில் அதைக் கற்பித்து, பின்பு சிகாகோ சென்ற ஏ. கே. ராமானுஜன், அங்கே குறுந்தொகையைக் கண்டெடுத்து 1967இல் ஆங்கிலத்தில் தந்தார். நகுலன் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்துகொண்டே தமிழில் எழுதினார். தூத்துக்குடியில் கல்லூரி முதல்வராக இருந்த ஆங்கிலப் பேராசிரியர் அ. சீனிவாசராகவனுக்கு 1968இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது தமிழ்க் கவிதைக்காக.

தவறாகப் புரிந்துகொண்டுவிடுவோமோ என்ற அச்சம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. கேம்பிரிட்ஜில் திறனாய்வாளர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் ஒரு சோதனை செய்தார்: பதின்மூன்று கவிதைகளை, எழுதியவர் பெயரோ காலமோ குறிப்பிடாமல் மாணவர்களிடம் கொடுத்து, கருத்து எழுதி வாங்கினார். அந்த மாணவர்களில் பெரும்பாலோர் அங்கேயே ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களில் பலர் நேர்ப்பொருளைக்கூடப் பிடிக்கவில்லை. பெருங்கவிஞர்களின் பாடல்களைத் தள்ளிவிட்டு, சாதாரணப் பாடல்களைப் புகழ்ந்தார்கள். 1929இல் நூலாக வந்த அந்தச் சோதனையிலிருந்துதான், பனுவலை மட்டும் முன்வைத்து நெருங்கி வாசிக்கும் பயிற்சி உலகெங்கும் வகுப்பறைகளுக்குப் பரவியது. தவறாக வாசித்து, எங்கே தவறினோம் என்று திரும்பிப் பார்ப்பதே அந்தப் பயிற்சி.

அதை எப்படிச் செய்வது என்றால், நான் மாணவர்களுக்குச் சொல்லிவந்த முறை இது: ஒரு பாடலை எடுத்துக்கொண்டு முதலில் வாய்விட்டு மூன்று முறை வாசியுங்கள், பொருள் தேடாதீர்கள். பிறகு எழுவாய் எது, பயனிலை எது என்று அடிக்கோடிடுங்கள், ஏனென்றால் ஆங்கிலக் கவிதையில் புரியாமை பெரும்பாலும் கடினச்சொல்லால் வருவதில்லை, முன்பின்னாகக் கிடக்கும் வாக்கிய அமைப்பால் வருகிறது. செய்யுளைக் கொண்டுகூட்டிப் பொருள்கொள்ளும் நம் பழக்கம் இங்கே நேராக உதவும். அதன்பின் அகராதி. கடைசியாக, நான்கு அடிகளையாவது தமிழில் பெயர்த்து எழுதுங்கள். எந்தச் சொல்லுக்குத் தமிழ் அகப்படாமல் பேனா நிற்கிறதோ, அந்த இடத்தைச் சுற்றிவளைத்து வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போங்கள். ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி அங்கேதான் இருக்கும். மூன்றாம் ஆண்டில் வரும் இலக்கியக் கோட்பாட்டுப் பாடத்துக்கும் தமிழ்வழியே நுழையலாம். திறனாய்வாளர் தமிழவன், அத்தகைய கோட்பாடுகளில் ஒன்றான அமைப்பியல் (ஸ்ட்ரக்சுரலிசம்) பற்றி 1982இலேயே தமிழில் நூல் எழுதிவிட்டார், அதைத் தொடர்ந்து சிறுபத்திரிகைகளில் பெரும் விவாதமே நடந்தது.

பேச்சுக்கு வருவோம். சாசரையும் டிரைடனையும் படிப்பதால் நேர்முகத்தேர்வில் பேச வராது. பேசினால்தான் பேச வரும். நாடகங்களைத் தோழியரோடு பாத்திரம் பிரித்து வாசிப்பதும், நாள்தோறும் அரை மணி நேரம் ஆங்கிலச் செய்தி கேட்டு அதை மறுபடி சொல்லிப் பார்ப்பதும், வகுப்பில் கேள்வியை ஆங்கிலத்திலேயே கேட்பதும் வேண்டும். சிரிக்கிறவர்கள் முதல் பருவத்தில் சிரிப்பார்கள். பிறகு அவர்களுக்கே சலித்துவிடும்.

வேலையைப் பொறுத்தவரை உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். பி.ஏ. மட்டும் வைத்துக்கொண்டு துறை சார்ந்த வேலை அரிது. பி.எட். முடித்து ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேறினால் பட்டதாரி ஆசிரியர் பணிக்கான போட்டித் தேர்வுக்கும், எம்.ஏ., பி.எட். இருந்தால் முதுநிலை ஆசிரியர் தேர்வுக்கும் போகலாம். ஆனால் அறிவிப்புகள் ஆண்டுதோறும் வருவதில்லை, காத்திருப்புக்கு மனமும் குடும்பமும் தயாராக இருக்க வேண்டும். கல்லூரி உதவிப் பேராசிரியராக எம்.ஏ.வில் 55 விழுக்காடும், தேசிய அளவிலான நெட் அல்லது மாநில அளவிலான செட் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு விழுக்காட்டில் சலுகை உண்டு. நெட் தேர்வின் இரண்டாம் தாளில் நூறு வினாக்கள், இருநூறு மதிப்பெண். மூலநூல்களை வாசித்தவருக்கும் கைடு படித்தவருக்கும் உள்ள இடைவெளி அங்கே வெளிப்பட்டுவிடும். சுயநிதிக் கல்லூரிகளில் தொடக்கச் சம்பளம் பல இடங்களில் வருத்தப்படும் அளவில்தான் இருக்கிறது. ஆசிரியப் பணிக்கு வெளியே, எந்தப் பட்டமும் ஏற்கப்படும் டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வுகள், மூன்றாண்டுச் சட்டப்படிப்பு, இதழியல், பதிப்பகத்தில் மெய்ப்பு, செம்மையாக்கம், மொழிபெயர்ப்பு ஆகியவை உண்டு. இரண்டு மொழியிலும் நன்றாக எழுதத் தெரிந்த மொழிபெயர்ப்பாளர்கள் நம்மிடையே மிகக் குறைவு. தமிழைக் கைவிடாமல் படிப்பவருக்கு அந்த வழி திறந்திருக்கிறது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். அங்கே படிக்கும் ஒரு மூன்றாமாண்டு மாணவியிடம், இந்தப் பருவத்தில் வகுப்பில் எந்த நூலை வரிவரியாக வாசித்தீர்கள் என்று கேளுங்கள். பெயர் சொல்லிவிட்டால் அது நல்ல துறை. பணம் தடையாக இருந்தால் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை பல கைடுகளைவிட மேலானவை. பழைய ஆங்கில நூல்களில் பெரும்பகுதி குட்டன்பர்க் திட்டத்தின் தளத்திலும், ஷேக்ஸ்பியர் நாடகங்கள் ஃபோல்ஜர் நூலகத்தின் தளத்திலும் காசில்லாமல் வாசிக்கக் கிடைக்கும்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு வாரம் ஒதுக்கி, மேலே சொன்ன ஜூலியஸ் சீசரின் மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சியை மட்டும் அந்தத் தளத்திலிருந்து எடுத்து, அகராதியோடு, நாளுக்கு ஐம்பது வரி வீதம் வாசித்துப் பாருங்கள். பாதி புரியாமல் போகலாம், அது பரவாயில்லை. ஆறாம் நாள், ஏழாம் நாள் அந்தக் கூட்டம் அடுத்து என்ன செய்யப்போகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆவல் உங்களுக்கு வந்திருந்தால், ஆங்கில இலக்கியத்தை முதல் விருப்பமாக எழுதுங்கள். அகராதியைப் புரட்டிய அலுப்பு மட்டுமே மிஞ்சியிருந்தால், தமிழ் இலக்கியத்தையோ வரலாற்றையோ முதலில் எழுதிவிட்டு இதை இரண்டாவதாகப் போடுங்கள்.